வெள்ளைக் காது

மில்காரர் தன் மூச்சிழுப்பு மருந்துப் பம்பைக் குலுக்கிக் காதருகே வைத்துப் பார்த்தது டிராக்டர் வருவதற்கு முன்பா, அது போன பிறகா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. பல வருடங்களாக இந்த ஒன்றைத்தான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். சில நாள் முன்பு என்று தோன்றும். அப்போது அவர் முகம், நாற்காலி, அவர் காலடியில் கிடந்த ஈரச் சாக்கு எல்லாம் கண்முன் வந்துவிடும். வேறு சில நாள் பிறகுதான் என்று தோன்றும். அப்போதும் அதே முகம், அதே நாற்காலி, அதே சாக்கு. மற்றதெல்லாம் நான் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்போது நான் மாவு மில்லுக்கு மேலே இருந்த அறையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். கருங்கல்லில் கட்டிய பழைய கட்டடம். கீழே முன்பக்கம் மில், பின்பக்கம் மில்காரர் குடும்பம். ஆற்றுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு தெரு அகலம்தான். மில் ஓடும்போது என் மேஜைமேல் வைத்த பொத்தான்கள் தாமாகவே நகர்ந்து போய் ஓரத்திலிருந்து குதிக்கும். மாவு பலகை இடுக்கு வழியாக மேலே ஏறி வரும். கறுப்புத் துணி தைக்கிற நாளில் உயிரை வாங்கிவிடும். "டெய்லரே, கோட்டு தைக்கக் குடுத்தா அதுக்கும் நரைமுடி வெச்சுக் குடுக்கறீங்களே" என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஓடுகிற மில்லுக்குள் பேச முடியாது. கத்தலாம். கத்தினாலும் "பை", "நிறுத்து", "போதும்" போன்ற ஒற்றைச் சொற்கள்தான் போய்ச் சேரும். அதற்கு மேல் ஒருவருக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அவர் காதைக் கையால் மறைத்து, வாயை அதற்குள் வைத்துத்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கு உதடு அசைவதுகூடத் தெரியாது.

மில்காரரின் அப்பா வாழ்நாள் முழுவதும் அப்படியே பேசிப் பழகியவர். எல்லாரும் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டார்கள், மகன்கூட. நான் குடிவந்தபோது அவர் வேலையை மகனிடம் விட்டுவிட்டிருந்தார். ஆனாலும் மாவு விழுகிற குழாய்ப் பக்கத்தில்தான் நிற்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைத் தேய்த்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் கல்லைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கை காட்டுவார். தானியம் தீர்ந்த பிறகும் கல் சுற்றினால் கல்லைக் கல் தின்றுவிடும் என்பார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்காமல் யாரும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. இவை எல்லாருக்கும் பொது. வேறு சில இருந்தன. அதற்கு அவர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். மில் நல்ல ஓட்டத்தில் இருக்கும்போது கிட்டே கூப்பிட்டு, காது மடலைப் பிடித்து, உள்ளே ஏதோ சொல்வார். நீளமாக இருக்காது. சொல்லி முடித்து விட்டதும் அந்தக் காது வெள்ளையாக இருக்கும். அவருடைய கட்டைவிரல் ரேகை மடலில் பதிந்திருக்கும்.

பேத்திக்கும் பேரனுக்கும் பட்டப்பெயர் வைத்தவரும் அவர்தான். பேத்தி ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் பெல்ட்டு. பேரன் ஒரு பதில் சொல்ல மூன்று தடவை யோசிப்பான், அதனால் சல்லடை. பிறந்தபோது வைத்த பெயர்கள் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டன.

"டேய் சல்லடை, காது வெளுத்திருக்கு. இன்னைக்கு உனக்கா மாட்டுச்சு?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"போன வாரம் உனக்கு வெளுத்துச்சே. நீ சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்?"

"அப்ப நான் ஏன் சொல்லணும்?"

ஒருவர் துண்டை இன்னொருவர் எடுத்துத் துடைக்காததுபோல அதுவும் அந்த வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கும் ஒரு நாள் காது வெளுத்தது. "டெய்லரு, கறுப்புத் துணிய வெளிச்சம் இருக்கிறப்பவே முடிச்சிடு. வெள்ளைய சாயங்காலத்துக்கு வெச்சுக்கோ. உன் கண்ணு அப்படி." என் கண் எப்படி என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் ஊசியில் நூல் கோக்கத் திணறுவதைக் கீழே இருந்து எப்படிப் பார்த்திருப்பார்? ஆனால் பார்த்திருந்தார்.

அவர் போன பிறகுதான் அந்தச் சொற்கள் வெளியே வரத் தொடங்கின. "தாத்தா சொல்லியிருக்காரு" என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மில்லைத் திறப்பது, கல் கொத்த யாரைக் கூப்பிடுவது, யாருடன் எவ்வளவு பழகுவது எல்லாம் அப்படியே முடிந்தன. ஒருவருக்குச் சொன்னதும் இன்னொருவருக்குச் சொன்னதும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளவில்லை. அந்த மழை வரைக்கும்.

மில்காரருக்கு அதற்குள் நெஞ்சு கெட்டிருந்தது. இருமல் இல்லை, இழுப்பு. பேசினால் ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் ஒரு விசில் கேட்கும். மாவுதான் காரணம், மில்லுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "உள்ளதானே போகக் கூடாதுன்னாரு? நான் வெளியதானே இருக்கேன்" என்பார். சட்டைப் பையில் எப்போதும் மருந்துப் பம்பு இருக்கும். வாயில் வைத்து அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு விசில் அடங்கும். மில்லைப் பெல்ட்டு ஓட்டினாள். மூட்டை தூக்குவது, சலிப்பது, வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது தம்பியின் வேலை.

மேலே மலைப்பக்கம் மழை நிற்கவேயில்லை என்று செய்தி வந்தது. எங்கள் பக்கம் மெல்லிய தூறல்தான். முந்தின நாளே கரண்ட் போய்விட்டதால் மில் ஓடவில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது பொத்தான்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஜன்னல் வழியே பார்த்தேன். ஆற்றின் நிறம் மாறியிருந்தது. மரக்கிளைகள், ஒரு கதவு, யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் வாளி, எல்லாம் எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன.

கீழே வந்தபோது பெல்ட்டு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டெய்லர் அண்ணே, உங்க ரூம்ல கொஞ்சம் இடம் வேணும்."

"எவ்வளவு?"

"இருக்கிறதெல்லாம் வேணும். நீங்க நின்னுக்கலாம்."

நானும் சல்லடையும் மூட்டைகளை மரப்படியில் ஏற்றினோம். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ஒரு துணித்துண்டு கட்டியிருந்தது. சிவப்பு என்றால் ரொட்டிக்கடைக்காரர், கட்டம் போட்டது என்றால் பள்ளிக்கூடச் சமையல்காரி. அந்தத் துண்டுகள் எல்லாம் என் அறையிலிருந்து போனவைதான். நானும் அவனும் ஏறி இறங்குகிற நேரத்தில் அவள் மோட்டாரின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டாள். சங்கிலிக் கப்பியை உத்தரத்தில் மாட்டி, மூன்று பேருமாக இழுத்து, மோட்டாரை உத்தரத்தோடு தொங்கவிட்டோம். அது லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மில்காரர் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் அவர் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. அவர் மனைவி அடுப்பை மூட்டி டீ போட்டுக் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் கொடுப்பதற்கு முன்பு, நின்றபடியே, தன் டீயைக் குடித்து முடித்தாள். நான் குடிவந்த நாள் முதல் அவள் அப்படித்தான். சாப்பாடும் அப்படித்தான். தான் சாப்பிட்ட பிறகே மற்றவர்களுக்குப் போடுவாள். தெருவில் இதைப்பற்றிக் குறையாகப் பேசியவர்கள் உண்டு. அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"அக்கா, தெருவுல தண்ணி வந்துடுச்சு" என்றான் சல்லடை.

"வரட்டும். நாம மேல போயிடலாம்."

"கிளம்பிடலாம்க்கா. மேட்டுக்குப் போயிடலாம்."

"எதுல போவே? அப்பாவ முதுகுல தூக்கிக்கிட்டா?"

அந்த நேரத்தில்தான் டிராக்டர் வந்தது. செங்கல் சூளைக்காரருடையது. பின்னால் இருந்த தொட்டியில் ஆட்கள், பாத்திரங்கள், கட்டிப்போட்ட ரெண்டு ஆடு. சக்கரம் பாதி வரை தண்ணீருக்குள் இருந்தது. எஞ்சினை அணைக்காமலே கத்தினார்.

"மில்லுக்காரரே! பாலம் தாண்டி மேட்டுக்குப் போறேன். இது கடைசி நடை. இனிமே என் வண்டி இந்தப் பக்கம் வராது. ஏறுங்க, ஏறுங்க!"

சல்லடை அப்பாவின் நாற்காலியைப் பிடித்தான். பெல்ட்டு வந்து நாற்காலியின் இன்னொரு கையைப் பிடித்தாள்.

"விடு" என்றான்.

"நீ விடு. அந்தப் பாலத்தைப் பாத்தியா? கைப்பிடிக் கம்பி மேல தண்ணி போகுது. வண்டி கவிழ்ந்தா யாரு பதில் சொல்றது? இந்தச் சுவரு எத்தனை வெள்ளத்தைப் பாத்திருக்கு. தாத்தா சொல்லியிருக்காரு."

"என்ன சொல்லியிருக்காரு?"

"தண்ணி வந்தா வெளிய கால் வெக்காதே, மேல ஏறு, வீடு நிக்கும்னு சொல்லியிருக்காரு."

சல்லடை அவளையே பார்த்தான். வழக்கம்போல உடனே பதில் வரவில்லை. வந்தபோது குரல் மாறியிருந்தது.

"பொய் சொல்லாதேக்கா."

"என்னடா?"

"தாத்தா என்கிட்ட சொன்னாரு. தண்ணி வந்தா எதையும் திரும்பிப் பாக்காதே, அப்படியே கிளம்பிடுன்னு. இதே இடத்துல, குழாய்கிட்ட வெச்சுச் சொன்னாரு."

"இப்ப நீ சொல்றதுதான் பொய். பயந்தாங்கொள்ளி. உனக்குப் போகணும்னா போ. தாத்தா வாயில ஏன் வெக்கறே?"

"உனக்கு மில்லு பெரிசு. மூட்டை பெரிசு. அதுக்குத் தாத்தாவ இழுக்கறே."

"ஊரு மூட்டைடா இது! நம்ம மூட்டையா இருந்தா ஆத்துல தள்ளிட்டு வந்திருப்பேன்."

"மூட்டைக்கு நான் காவலிருக்கேன். அப்பாவ அனுப்பு."

"அந்தப் பாலத்துலயா? மாட்டேன்."

மில் ஓடிக்கொண்டிருந்தால் இதில் ஒரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்டிருக்காது. அன்று எல்லாம் கேட்டது. தொட்டியிலிருந்த ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சூளைக்காரர் பொறுமை இழந்தார்.

"என்ன, வீட்டுக்குள்ள ஓட்டெடுப்பு நடத்தறீங்களா? ஆத்துத்தண்ணி ஓட்டுப் போட்டு முடிச்சாச்சு. வர்றீங்களா, இல்லையா?"

"அப்பா, நீங்க சொல்லுங்க" என்றான் சல்லடை.

"ஆமா, அப்பா சொல்லட்டும்" என்றாள் பெல்ட்டு. "நீங்க என்ன சொன்னாலும் சரி."

மில்காரர் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். வாயை லேசாகத் திறந்தார் என்றுதான் நினைக்கிறேன். விசில் சத்தம் வந்தது. பிறகு தலையைத் திருப்பி, உத்தரத்தில் தொங்கிய மோட்டாரைப் பார்க்க ஆரம்பித்தார். அது சுற்றுவதை நிறுத்தியிருந்தது.

"சொல்லுங்கப்பா."

அவர் திரும்பவேயில்லை.

சூளைக்காரர் கியரைப் போட்டார். சல்லடை அம்மாவின் கையைப் பிடித்து, "நீயாவது ஏறும்மா" என்றான். அவள் கணவனைப் பார்த்தாள். "அவரு உக்காந்திருக்கிற இடத்த விட்டு நான் எங்கடா போறது?" என்று சொல்லி டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். டிராக்டர் தெருமுனையில் திரும்பி மறைந்தது. பாலத்தைத் தாண்டிப் பத்திரமாகவே போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் தெரிந்தது. ஒரு ஆட்டுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

பம்பைக் குலுக்கிப் பார்த்தது இதற்குக் கொஞ்சம் முன்பு, அல்லது இதற்குக் கொஞ்சம் பின்பு. வாட்ச் ஓடுகிறதா என்று பார்ப்பதுபோலக் காதருகே வைத்து, குலுக்கி, திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டார். அடிக்கடி அப்படிச் செய்பவர்தான். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

மில் வாசலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தபோது அவரை நாற்காலியோடு மேலே தூக்கினோம். என் துணி வெட்டும் மேஜையில் துணிக் கட்டுகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்காரவைத்தோம். படுத்தால் மூச்சு வராது. சுற்றிலும் மூட்டைகள். ஈரச் சாக்கின் வாடையும் மாவு வாடையும் அறையை அடைத்துக்கொண்டன. மில்லிலிருந்து தள்ளி இருக்கச் சொல்லப்பட்ட மனிதரைச் சுற்றி மில்லையே தூக்கிக்கொண்டு வந்து அடுக்கியிருந்தோம். அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை.

கூடப்பிறந்தவர்கள் சண்டை போட்டால் குரலாவது கேட்கும். இவர்கள் இருவரும் பேசவேயில்லை. ஒருத்தி ஜன்னலில், ஒருவன் படிக்கட்டில். கீழே தண்ணீரில் மிதந்த மரத்தொட்டி சுவரில் மோதி மோதிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா அவித்து எடுத்துவந்த உருளைக்கிழங்கை உரித்து, உப்புத் தொட்டு, முதலில் தான் தின்றாள். பிறகு அவருக்கு ஊட்டினாள். அவர் ஒரு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்று கை காட்டினார்.

வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரத்தில் என்னைக் கிட்டே வரச் சொன்னார். குனிந்தேன். பழக்கத்தில் என் காதைப் பிடித்தார். அன்று அவர் விரலில் மாவு இல்லை.

"பாத்தியா டெய்லரு..." விசில். "ரெண்டும் என்னா சண்டை..." விசில். "நான் ஒரு வார்த்தை பேசல. பாத்தியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடினமான ஒன்றைத் தவறில்லாமல் செய்து முடித்தவரின் சிரிப்பு. எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் பார்த்தேன் என்று தலையாட்டினேன். அந்தச் சமயத்தில் வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகு பம்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார். சத்தம் வந்தது, மருந்து வரவில்லை. மறுபடி அழுத்தினார். அம்மா வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். சல்லடை வாங்கிக் குலுக்கிப் பார்த்தான். எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர் குலுக்கினோம், கை மாறினால் நிறைந்துவிடும் என்பதுபோல.

"இன்னொண்ணு எங்க?" என்றாள் பெல்ட்டு.

"வாங்கணும்" என்றாள் அம்மா. "இருக்குன்னுதான் சொன்னாரு. நேத்துகூடக் கேட்டேன். இருக்கு இருக்குன்னாரு."

சல்லடை எழுந்து படியில் இறங்கினான். யோசிக்கவில்லை, மூன்று தடவை அல்ல, ஒரு தடவைகூட. பெல்ட்டு பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். தண்ணீர் நெஞ்சளவுக்கு மேல் இருந்தது. ஆற்றின் இழுப்பு வேறு பலமாக இருந்தது.

"விடுக்கா!"

"போனா நீ வர மாட்டே."

"விடுன்னு சொல்றேன்ல!"

காலர் கிழிந்து அவள் கையோடு வந்துவிட்டது. நான் தைத்த சட்டை. அவன் படிக்கட்டில் விழுந்தான், அவள் அவன்மேல் விழுந்தாள். அப்படியே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் திமிறுவதை நிறுத்தும்வரை விடவில்லை.

ராத்திரியைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த விசில் மெலிந்துகொண்டே போனது. பொழுது வெளுக்கும்போது நின்றுவிட்டது. வெயில் வந்த பிறகு படகு வந்தது.

மேட்டில் அடக்கம் செய்தோம். தண்ணீர் வடியும்வரை ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். சூளைக்காரர் வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அக்காவும் தம்பியும் எதிரெதிர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் அவனைப் பார்த்தால் அவன் வேறு பக்கம் திரும்புவான். ஒரு தடவை அவன் என்னிடம் சொன்னான், அவளுக்குக் கேட்கும்படி: "செத்தவங்க பேரைச் சொல்லிப் பொய் சொல்றவங்களோட எனக்கு என்ன பேச்சுண்ணே?" அவள் எழுந்து வெளியே போனாள்.

மில்லுக்குத் திரும்பியபோது சேறு முழங்கால் அளவு இருந்தது. கல் இடுக்கில் தங்கியிருந்த மாவு தண்ணீரோடு குழைந்து, காய்ந்து, கல்லில் கொத்திவைத்த வரிப்பள்ளங்களான பொளிகளில் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. அதை உளியால்தான் எடுக்க வேண்டும். அவள் மேல் கல்லில் உட்கார்ந்து கொத்தினாள். அவன் கீழ்க் கல்லில். ஒரே சுத்தியல் இருந்ததால் மாற்றிக் கொடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பேசாமல் நீட்டுவார்கள், பேசாமல் வாங்குவார்கள். நான் சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொட்டினேன். நாள்கணக்கில் அந்த உளிச் சத்தம்தான்.

ஒரு மத்தியானம் அம்மா கஞ்சி காய்ச்சினாள். மேலே தப்பித்த மூட்டைகளில் அவர்களுடையது ஒன்று இருந்தது. எல்லாரையும் உட்காரச் சொன்னாள். மூன்று கிண்ணத்தில் ஊற்றி எங்கள் முன் வைத்துவிட்டு, தன் கிண்ணத்தை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள். நிதானமாக, ஒவ்வொரு வாயாக. நாங்கள் யாரும் தொடவில்லை.

"எப்படிம்மா உன்னால முடியுது?" என்றாள் பெல்ட்டு. அவ்வளவு நாளில் அவள் பேசிய முழு வாக்கியம் அதுதான்.

அம்மா குடித்து முடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"முடியலதான். உங்க தாத்தா சொன்னதுக்காகக் குடிக்கறேன்."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"நான் கல்யாணமாகி வந்த புதுசு. எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் இருந்தா தின்னுவேன், இல்லைன்னா தண்ணி. ஒரு நாள் சல்லடைக்கிட்ட மயங்கி விழுந்துட்டேன், உன்கிட்ட இல்லடா, நிஜச் சல்லடைக்கிட்ட. மறுநாள் மில்லு ஓடறப்ப கூப்பிட்டு என் காதப் பிடிச்சாரு. முதல்ல நீ தின்னு, அப்புறம் போடு, உன் மாமியார் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுன்னாரு. அவ்வளவுதான். அன்னைலேர்ந்து தின்னுக்கிட்டு இருக்கேன். அதுக்காக உலகத்துல எல்லாப் பொம்பளைங்களும் முதல்ல தின்னணும்னு அவரு சொல்லல. எனக்குச் சொன்னாரு. உங்க அத்தை கதையே வேற. அவ சட்டியோட தின்னுட்டுத்தான் எழுந்திரிப்பா. அவகிட்ட என்ன சொல்லியிருப்பாரோ!"

சல்லடைக்குச் சிரிப்பு வந்து அழுகையில் முடிந்தது.

"நீ சின்னவளா இருந்தப்ப ஒரு தடவை தெருவுல தண்ணி வந்துச்சு" என்று மகளைப் பார்த்துச் சொன்னாள். "மாவு டின் ஒண்ணு மிதந்து போகுதுன்னு நீ தண்ணியில குதிச்சே. ரொட்டிக்கடைக்காரரு முடியப் பிடிச்சு இழுத்துப் போட்டாரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"உனக்கு எப்ப காது வெளுத்துச்சு?"

பெல்ட்டு தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். "அதுக்கு மறுநாள்" என்றாள்.

"அதே தண்ணியிலதான் இவன் படியில உக்காந்துக்கிட்டு, தண்ணி எப்படி ஏறுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தான். கூப்பிட்டா வர மாட்டேங்கறான். இடுப்புக்குத் தண்ணி வந்தப்புறம்தான் தூக்கிட்டு வந்தோம்." மகன் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்படா வெளுத்துச்சு?"

அவன் கையிலிருந்த உளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல" என்றாள் அம்மா. "ரெண்டு பேரு காதும் ஒரே நாள் வெளுத்துச்சு. நான்தான் ரெண்டையும் துடைச்சு விட்டேன்."

வெளியே யாரோ சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் புதைந்து புதைந்து எழும் சத்தம் ரொம்ப தூரம் வரை கேட்டது.

"அப்பா ஏம்மா ஒண்ணுமே சொல்லல?" என்றான் சல்லடை. "பம்பு காலின்னு அவருக்குத் தெரியுமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்காவே தூக்கி வண்டியில வெச்சிருப்பா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவர் என் காதில் சொன்னதைச் சொன்னேன். *நான் ஒரு வார்த்தை பேசல, பாத்தியா?* சொல்லும்போது அவர் சிரித்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பிறகு தோன்றியது.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் ஒரு காத்தாடிக்குச் சண்டை போட்டீங்க. அவரு நடுவுல வந்து உன் பக்கம் பேசி, இவனை அறைஞ்சிட்டாரு. இவன் மாமா வீட்டுக்கு ஓடிப்போயி மழைக்காலம் முழுக்க வரல. அன்னைக்கு அவரு வீட்டுக்குள்ள வந்தப்ப காது வெள்ளையா இருந்துச்சு. நாப்பது வயசு ஆளு. என்னங்க, உங்களுக்குமான்னு கேட்டேன். வெக்கப்பட்டாரு. அப்புறம் சொன்னாரு. பிள்ளைங்க ரெண்டும் சண்டை போட்டா நடுவுல வாயத் திறக்காதே, எந்தப் பக்கம் பேசினாலும் ஒண்ணை இழந்துடுவேன்னு தாத்தா சொன்னாருன்னாரு."

சொல்லிவிட்டுத் தன் காலிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"அதுக்கப்புறம் உங்க சண்டையில அவரு வாயத் திறந்து பாத்திருக்கீங்களா?"

பெல்ட்டு தன் கிண்ணத்தை எடுத்தாள். கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. அதை விலக்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தி, தம்பியின் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"குடிடா" என்றாள். "அப்புறம் சுத்தியல நான் தர்றேன். நீயே கொத்து. என் கை அவசரத்துல பொளிய உடைக்குது."

அவன் குடித்தான். நானும் குடித்தேன்.

அது நடந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. சூளைக்காரர் அடுத்த கோடையிலேயே சூளையை மூடிவிட்டு மகளோடு போய்விட்டார். டிராக்டரை யாரோ வாங்கிக்கொண்டார்கள். நான் கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பிறகு மேட்டில் ஒரு கடை எடுத்தேன். கறுப்புத் துணியை இன்னும் வெளிச்சத்தில்தான் தைக்கிறேன். சல்லடை கல்யாணம் செய்துகொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறான். தினமும் காலையில் மில்லுக்கு வந்துவிடுகிறான். பெல்ட்டு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மில் அவள் பெயரில் ஓடுகிறது. அவர்கள் அம்மா இன்னும் இருக்கிறாள். முதலில் சாப்பிடுகிறாள்.

மில்லில் இப்போது யாரும் யார் காதையும் பிடிப்பதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்குகிறார்கள். தானியம் விழும் வழியை அடைத்து, சுவிட்சை அணைத்து, கல் முழுவதும் நிற்கும்வரை காத்திருக்கிறார்கள். பெரிய கல், நிற்க நேரம் எடுக்கும். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். நின்ற பிறகு, அங்கே இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறார்கள். பெரும்பாலும் அது ஒன்றும் பெரிய விஷயமாக இருப்பதில்லை.